விழப்போகிற பல்லுக்கா இவ்வளவு செலவு? மகளுக்குச் செய்த நான்கு சிகிச்சைகள், ஒன்றரை வருடத்துக்குப் பிறகு

மகளுக்கு இப்போது ஐந்து வயது. மூன்றரை வயதில் தொடங்கி இதுவரை அவள் பால் பற்களுக்கு நான்கு விதமான சிகிச்சை செய்திருக்கிறோம். ஃபுளோரைடு வார்னிஷ், எஸ்.டி.எஃப். என்கிற கறுப்பு மருந்து, ஊசி போடாமல் மாட்டுகிற ஸ்டீல் கேப், ஒரே ஒரு பல்லுக்கு வேர் சிகிச்சை, அதாவது ரூட் கெனால். ஒவ்வொன்றையும் செய்துகொள்வதற்கு முன்னால் "இதைப் பிள்ளைக்குச் செய்த அம்மா யாராவது எழுதியிருக்கிறார்களா" என்று தமிழில் தேடித் தேடி அலுத்துப்போனேன். டாக்டர்கள் எழுதியது கிடைத்தது, விளம்பரம் கிடைத்தது, வீட்டில் அடுத்த நாள் காலை என்ன நடக்கும் என்று சொல்கிற ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நாங்கள் இருப்பது சேலத்தில்.

முதலில் பல் எப்படிக் கெட்டது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறைய வீடுகளில் இதே கதைதான். மூன்றரை வயது வரை இரவில் பாட்டில் பாலோடுதான் தூங்குவாள், அதில் நாட்டுச் சர்க்கரை போடுவோம், வெள்ளைச் சர்க்கரை இல்லையே, நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டு. பல்லில் இருக்கிற கிருமிக்கு நாட்டுச் சர்க்கரையும் ஒன்றுதான், வெள்ளையும் ஒன்றுதான், தேனும் ஒன்றுதான் என்று பிறகுதான் தெரிந்தது. தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைந்துவிடும், பால் மேல் முன்பற்களில் அப்படியே தேங்கி நிற்கும், கிருமி அதைத் தின்று அமிலமாக்கும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை தப்பித்துவிடும். எங்கள் வீட்டிலும் அச்சு அசலாக அப்படித்தான். மேலே நான்கு முன்பற்களிலும் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளைக் கோடு, அதில் இரண்டு பழுப்பாகிக் குழிய ஆரம்பித்துவிட்டன. கீழே இரண்டு கடைவாய்ப் பற்களில் சொத்தை.

வீட்டில் எல்லோரும் சொன்னது ஒரே வாக்கியம்: "பால் பல்லு தானே, எப்படியும் விழப்போகுது." என் அக்கா மட்டும் அப்படிச் சொல்லவில்லை. அவள் மகனுக்கு ஐந்து வயதில் கீழே இரண்டாவது கடைவாய்ப் பால் பல்லைச் சொத்தை என்று பிடுங்கிவிட்டார்கள், அந்த இடத்தைக் காக்கிற கம்பி எதுவும் வைக்கவில்லை. அந்தப் பல் இயல்பாக விழவேண்டியது பத்து பன்னிரண்டு வயதில். அது இல்லாத இடத்தில், ஆறு வயதில் பின்னால் முளைத்த நிரந்தரக் கடைவாய்ப் பல் முன்னால் சாய்ந்து வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது பையனுக்கு பதினொன்று. கீழிருந்து வரவேண்டிய பல் வர இடமில்லாமல் ஈறுக்குள்ளேயே முட்டிக்கொண்டு நிற்கிறது, கம்பி கட்டி இடம் பிடிக்க இரண்டு வருடம் ஆகும் என்கிறார்கள். "பல்லு விழறதுக்கு ஒரு நேரம் இருக்குடி, அதுக்கு முன்னாடி விட்டுடாதே" என்றாள். பால் பல் மெல்லுவதற்கு மட்டும் இல்லை, அடுத்து வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறது. நான் செலவு செய்யத் துணிந்ததற்கு இதுதான் காரணம்.

முதலில் போன இடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும், பெயர் வேண்டாம். பெரிய கிளினிக், ஏ.சி., சுவரெல்லாம் கார்ட்டூன். குழந்தையை நாற்காலியில் சாய்த்து, அவள் அழுதபோது என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்து எட்டுப் பல்லுக்கு ரூட் கெனால், எட்டுக்கும் வெள்ளைக் கேப், எல்லாம் மயக்க மருந்து கொடுத்து ஒரே நாளில், ஒரு லட்சத்துக்குப் பக்கத்தில் ஆகும் என்றார்கள். எக்ஸ்ரே எடுக்கவில்லை. எந்தப் பல்லுக்கு எதற்காக என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. மயக்க மருந்து கொடுத்துச் செய்வதே தப்பு என்று நான் சொல்லவரவில்லை, பல பற்கள் மோசமாகி, ஒத்துழைக்க முடியாத சின்னக் குழந்தைக்கு அதுதான் சரியான வழியாக இருக்கலாம். ஆனால் பார்க்காமலே சொன்னதுதான் மனசுக்கு ஒப்பவில்லை. அதைவிடக் கொடுமை, அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவள் பிரஷ்ஷைக் கண்டாலே வாயை இறுக்க மூடிக்கொண்டாள்.

இரண்டாவதாகப் போனது குழந்தைகள் பல் மருத்துவத்திலேயே எம்.டி.எஸ். படித்த ஒரு டாக்டர். சின்ன கிளினிக், உட்கார நான்கு நாற்காலி, சனிக்கிழமை போனால் ஒன்றரை மணி நேரம் காத்திருக்கவேண்டும். முதல் நாள் அவர் எந்தச் சிகிச்சையும் செய்யவில்லை. என் எதிரே முட்டியோடு முட்டி இடிக்கிற மாதிரி உட்கார்ந்தார், மகள் என் மடியில் என்னைப் பார்த்து உட்கார்ந்து அப்படியே பின்னால் சாய்ந்து அவர் மடியில் தலை வைத்தாள், என் முகம் தெரிந்துகொண்டே இருந்ததால் அழவில்லை. "கண்ணு, உனக்கு எத்தனை பல்லுன்னு எண்ணலாமா" என்று எண்ணினார். இருபது. எல்லாம் முளைத்திருந்தது. கண்ணாடியை முதலில் அவள் நகத்தில் தட்டிக் காட்டினார், அப்புறம்தான் வாய்க்குள். அன்று அவ்வளவுதான், 300 ரூபாய். அடுத்த முறை போனபோது சின்ன எக்ஸ்ரே எடுத்து எனக்கு ஒவ்வொரு பல்லாகக் காட்டினார். எட்டு ரூட் கெனால் என்று சொன்ன வாயில் உண்மையில் நரம்பு வரை போயிருந்தது ஒரே ஒரு பல்.

சரி, சிகிச்சைக்கு வருகிறேன்.

வார்னிஷ்தான் முதலில். நான்கு முன்பற்களில் வெள்ளைக் கோடு மட்டும் இருந்த இரண்டுக்கு இது போதும் என்றார், மற்ற பற்களுக்கும் சேர்த்தே தடவினார். பல்லைத் துடைத்து, சின்ன பிரஷ்ஷால் மஞ்சளாக ஒரு பசையைப் பூசுவார், எச்சில் பட்டதும் இறுகிவிடும், மொத்தம் இரண்டு நிமிடம். அன்று இரவு பல் தேய்க்கக்கூடாது, சூடானதும் கடினமானதும் சாப்பிடக்கூடாது, பிள்ளை "பல்லுல பிசின் ஒட்டிருக்கு" என்று நச்சரிப்பாள், மறுநாள் காலை தேய்த்தால் போய்விடும். ஒரு தடவைக்கு 700 ரூபாய். சொத்தை விழும் வாய்ப்பு அதிகம் உள்ள குழந்தை என்பதால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை.

இதில்தான் வீட்டில் பெரிய சண்டை. என் மாமியார் பென்னாகரம் பக்கம், கிணற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் குடித்து வளர்ந்தவர். அவர் பல்லெல்லாம் பழுப்புக் கோடு, சில இடத்தில் பொரிந்து போயிருக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இந்த ஃபுளோரைடு பிரச்சினைக்காக வந்ததுதானே. "அந்த விஷத்தாலதான் எங்க ஊரு பல்லே போச்சு, அதையே காசு கொடுத்துத் தடவறியா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, எனக்கும் பதில் தெரியவில்லை. "அத்தை, நீங்களே வந்து டாக்டர்கிட்ட கேளுங்க" என்று கூட்டிக்கொண்டு போனேன்.

அந்த டாக்டரை நான் மதிப்பது அன்றைக்குத்தான் அதிகமானது. மாமியாரை உட்காரவைத்து அவர் பல்லைப் பார்த்து, "நீங்க சொல்றது உண்மைம்மா, இது தண்ணியில வந்த கறைதான்" என்று தொடங்கினார். தண்ணீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் ஃபுளோரைடு இருந்தால் நல்லது, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 1.5 வரை போகலாம், அதற்கு மேலே போகிற தண்ணீரைப் பல் உள்ளுக்குள் உருவாகிற வயதில் வருடக்கணக்காகத் தினமும் குடித்தால் இந்தக் கறை வரும். வார்னிஷ் குடிக்கிற பொருள் இல்லை, சில சொட்டு அளவை ஏற்கெனவே முளைத்த பல்லின் மேல் வருடத்துக்கு நான்கு முறை பூசுவது. அதில் ஃபுளோரைடு செறிவு அதிகம்தான், 22,600 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கில் 22,600 பங்கு, ஆனால் பூசுகிற அளவு மிகக் குறைவு, பல்லிலேயே ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்ல வேலை செய்யும். அப்புறம் என்னிடம் திரும்பி, வீட்டில் என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். ஆர்.ஓ. என்ன பேஸ்ட்? படத்தில் பழமெல்லாம் போட்ட, ஃபுளோரைடே இல்லாத குழந்தைகள் பேஸ்ட். ஆர்.ஓ. தண்ணீரில் ஃபுளோரைடு பெரும்பாலும் போய்விடும், பேஸ்ட்டிலும் இல்லை, இரவில் பாட்டில் பால் மட்டும் உண்டு, அப்புறம் பல்லுக்குக் காவல் யார் என்றார். அதே சமயம் தர்மபுரிப் பக்கம் இன்னும் போர் தண்ணீர் குடிக்கிற குழந்தை வந்தால் முதலில் தண்ணீரைச் சோதிக்கத்தான் சொல்வேன் என்றும் சொன்னார். மாமியார் வெளியே வந்து "இந்தப் பொண்ணு விவரமா பேசுது" என்றார். அதோடு சண்டை முடிந்தது.

ஒன்றரை வருடத்தில் ஆறு முறை வார்னிஷ் ஆகிவிட்டது. வெள்ளைக் கோடு முழுசாக மறையவில்லை, ஆனால் சுண்ணாம்பு மாதிரி சொரசொரப்பாக இருந்தது இப்போது வழவழவென்று இருக்கிறது, குழி விழவில்லை. புதுச் சொத்தையும் இதுவரை இல்லை. நான்கில் எதை எல்லாக் குழந்தைகளுக்கும் சொல்வேன் என்றால் இதைத்தான், அதுவும் வெள்ளைக் கோடு தெரியும்போதே, பழுப்பாகும் முன்னால்.

எஸ்.டி.எஃப். பற்றிக் கொஞ்சம் நேரம் எடுத்தே சொல்கிறேன், ஏனென்றால் இதைச் செய்துவிட்டு அன்று இரவு அழுதேன். சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்பதன் சுருக்கம். வெள்ளி கிருமியைக் கொல்லும், ஃபுளோரைடு இளகின பல்லை இறுகவைக்கும், சொத்தை அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஊசி இல்லை, குடைவது இல்லை, ஒரு சொட்டு மருந்தை ஊசிமுனை மாதிரி சின்ன பிரஷ்ஷில் எடுத்துச் சொத்தையின் மேல் ஒரு நிமிடம் வைத்துப் பிடிப்பார்கள். ஜப்பானில் அரை நூற்றாண்டாகப் பயன்படுத்துகிற மருந்து, உலக சுகாதார நிறுவனம் 2021 இல் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. இரண்டு முன்பற்களுக்கும் சேர்த்து எனக்கு ஆனது 800 ரூபாய். வெள்ளி ஒவ்வாமை இருக்கிற குழந்தைக்குப் போடக்கூடாது என்பதால் அதை முதலிலேயே கேட்டுக்கொண்டார்கள்.

விஷயம் என்னவென்றால் சொத்தை இருக்கிற இடம் கறுப்பாகிவிடும். பழுப்பு இல்லை, கரி மாதிரிக் கறுப்பு, அது போகாது. டாக்டர் எதையும் மறைக்கவில்லை, மருந்து போட்ட வேறு குழந்தைகளின் பல் படத்தைக் காட்டி, கையெழுத்து வாங்கி, ஒரு வாரம் யோசித்துவிட்டு வரச்சொன்னார். யோசித்துவிட்டுத்தான் போனோம், இருந்தும் மறுநாள் காலையில் அவள் சிரித்தபோது முன்னால் இரண்டு பல் கறுப்பாகத் தெரிந்ததும் வயிற்றைப் பிசைந்தது. சொந்தக்காரர் கல்யாணத்தில் நான்கு பேர் கேட்டார்கள், ஒருவர் "என்னம்மா பல்லே தேய்க்க மாட்டியா" என்று குழந்தையிடமே கேட்டுவிட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவள், "அது மருந்து, உள்ள பூச்சி தூங்குது" என்று சொன்னாள். டாக்டர் சொல்லிக்கொடுத்தது. பள்ளியிலும் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன், அது உதவியது. மருந்து உதட்டோரம் பட்டு ஒரு பழுப்புக் கறை இருந்தது, பத்து நாளில் தானாகப் போனது. சட்டையில் பட்டது போகவே இல்லை, பழைய துணி போட்டுக் கூட்டிப்போங்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு கருவியால் தொட்டுப் பார்த்து, கல்லு மாதிரி ஆகிவிட்டது என்றார், இன்னொரு முறை பூசினார். பல் இன்னும் இருக்கிறது, வலி இல்லை, குழி பெரிதாகவில்லை. அதன் மேல் வெள்ளைச் சிமென்ட் வைத்து மறைக்கலாம் என்று இப்போது சொல்கிறார், செய்யப்போகிறோம். அழகு முக்கியம் என்று நினைக்கிற வீட்டாருக்கு இது கஷ்டமாக இருக்கும், அதில் தப்பில்லை. ஆனால் மூன்றரை வயதுக் குழந்தையை ஊசி, மிஷின் எதுவும் இல்லாமல் ஒரு நிமிடத்தில் காப்பாற்றிய மருந்து இது. கறுப்பு தெரிந்தே மறுபடியும் செய்வேன்.

ஸ்டீல் கேப்பில் எனக்குப் பயம்தான் அதிகம் இருந்தது, நடந்ததோ சுலபமாக. கீழே வலது பக்கம் இரண்டாவது கடைவாய்ப் பல், சொத்தை நடுத்தரம், எக்ஸ்ரேயில் நரம்புக்கு இன்னும் தூரம் இருந்தது. ஹால் முறை என்று ஒன்று இருக்கிறதாம், ஸ்காட்லாந்தில் நார்னா ஹால் என்ற பல் மருத்துவர் செய்துவந்த முறை. பல்லைக் குடைவதே இல்லை, சொத்தையைச் சுரண்டுவதும் இல்லை, அப்படியே மேலே சரியான அளவுக் கேப்பைச் சிமென்ட்டோடு அழுத்தி மூடிவிடுவது. உள்ளே மாட்டிக்கொண்ட கிருமிக்குச் சாப்பாடு போகாது, சொத்தை நின்றுவிடும். எனக்கு இது முதலில் நம்பும்படியாக இல்லை, அழுக்கை உள்ளே வைத்து மூடுவது போலத் தோன்றியது. ஆனால் பல் வேரில் சீழ் இல்லை, ராத்திரி வலி இல்லை என்று உறுதியான பற்களுக்கு மட்டும்தான் இது என்று எக்ஸ்ரேயை வைத்து விளக்கினார்.

மூன்று நாள் முன்னால் பல்லுக்கு இரண்டு பக்கமும் சின்ன ரப்பர் வளையம் வைத்தார்கள், இடைவெளி உண்டாக. அதில் ஒன்று விழுந்துவிட்டது, விழுங்கினாளோ என்னவோ தெரியவில்லை, போன் செய்து கேட்டேன், பயப்படவேண்டாம் என்றார்கள். கேப் மாட்டும் நாளில் விரலால் அழுத்தி, பஞ்சுருளையைக் கொடுத்து "நல்லா கடி கண்ணு" என்றார், அவ்வளவுதான், பத்து நிமிடம். அப்புறம் இரண்டு பக்கமும் பல் சேர்ந்து கடிக்கவில்லை, அந்தப் பல் மட்டும் உயரமாக நின்றது. இரண்டு நாள் தயிர் சாதம், இட்லி. இரண்டு வாரத்தில் தானாகச் சரியாகிவிட்டது, முன்பே சொல்லியிருந்தார்கள். 2,500 ரூபாய். பல் நிறத்தில் சிர்கோனியா கேப் வேண்டுமானால் 7,000, ஆனால் அதற்குப் பல்லை அதிகமாக ராவவேண்டும், ஊசியும் போடவேண்டும். உள்ளே இருக்கிற பல்லுக்கு வெள்ளி நிறமே போதும் என்று விட்டுவிட்டேன். ஒரு குறை: எட்டாவது மாதம் கடலை மிட்டாய் கடித்ததில் கேப் கழன்று கையோடு வந்துவிட்டது. பணம் வாங்காமல் திரும்ப ஒட்டிக்கொடுத்தார்கள்.

வேர் சிகிச்சை கீழ் இடது பல்லுக்கு. இது மட்டும்தான் உண்மையிலேயே கஷ்டமான ஒன்று. ஊசி போட்டபோது அழுதாள், இரண்டு முறை போகவேண்டியிருந்தது, கேப்போடு சேர்த்து 6,000 ஆனது. பெரியவர்களுக்கு வைக்கிற கெட்டியான ரப்பர் மாதிரிப் பொருள் இதில் கிடையாது, பால் பல்லின் வேர் கரையும்போது கூடவே கரைகிற பசையை வைக்கிறார்கள், அப்போதுதான் அடுத்த பல்லுக்கு வழி விடும். மரத்துப்போன உதட்டைக் கடித்துவிடப்போகிறாள், இரண்டு மூன்று மணி நேரம் கூடவே இருங்கள் என்று சொல்லியனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து அவள் டி.வி. பார்க்கிறாளே என்று கால் மணி நேரம் சமையலறைக்குப் போனேன். திரும்பிவந்தால் கீழுதடு புண்ணாகி வீங்கியிருந்தது. ஒரு வாரம் ஆனது ஆற. அந்த மூன்று மணி நேரம் தயவுசெய்து பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.

எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆனது 15,000 ரூபாய்க்குள், ஒரேயடியாக இல்லாமல் ஒன்றரை வருடத்தில். இதுவும் முடியாது என்பவர்கள் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளை மறக்கவேண்டாம், சென்னையில் கோட்டை ஸ்டேஷன் பக்கம் இருக்கிற கல்லூரியில் குழந்தைகளுக்கென்றே தனித்துறை இருக்கிறது. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் வெளியே ஆவதைவிடக் குறைவாகத்தான் வாங்குவார்கள், மாணவர்கள் செய்வதால் நேரம் கூடும், மேலே மேற்பார்வை உண்டு.

வீட்டில் மாற்றியது நான்குதான். பாட்டிலை நிறுத்தினோம், நான்கு ராத்திரி அழுகை, ஐந்தாவது நாள் மறந்துவிட்டாள். பேஸ்ட்டை 1,000 பி.பி.எம். ஃபுளோரைடு உள்ளதாக மாற்றினோம், மூன்று வயது வரை அரிசி மணி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு, துப்பக் கற்றுக்கொடுத்தோம். இரவு நானோ அவள் அப்பாவோதான் தேய்த்துவிடுகிறோம், ஏழெட்டு வயது வரை அப்படித்தான் செய்யவேண்டுமாம், அவள் கையில் விட்டால் முன்பல்லை மட்டும் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு ஓடிவிடுவாள். மருந்து சிரப் குடித்த பிறகும் வாய் கொப்பளிக்கவைக்கிறோம், அதிலும் சர்க்கரை இருக்கிறது.

போன மாதம் எடுத்த எக்ஸ்ரேயில், கேப் போட்ட பல்லுக்குப் பின்னால் ஈறுக்குள், ஆறு வயதில் முளைக்கிற நிரந்தரக் கடைவாய்ப் பல் நிமிர்ந்து வந்துகொண்டிருப்பதைக் காட்டினார். எந்தப் பால் பல்லும் விழாமலே முளைப்பதால் நிறையப் பெற்றோர் அதையும் பால் பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்களாம், அது சாகும்வரை இருக்கவேண்டிய பல். அது முழுசாக வெளியே வந்ததும் மேல் பள்ளங்களை அடைக்க ஃபிஷர் சீலன்ட் போடலாம் என்றிருக்கிறார். போட்ட பிறகு அதைப் பற்றியும் எழுதுகிறேன்.